ஃபயர்போலின் விலை என்ன?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு ஃபிளாட்டின் சாப்பாட்டு மேசை, ஞாயிறு பின்னேரம் மூன்று மணித்தியாலம், கதையை நடத்தும் டி.எம். ஒருவர், நாலைந்து விளையாட்டுக்காரர். இப்படி டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ் என்ற, பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டை விளையாடுகிற குழுக்களுக்காக இதை எழுதுகிறேன். பாத்திரங்கள் ஐந்தாம் லெவலுக்கு வந்ததும் பல மேசைகளில் ஒரே முறைப்பாடு எழும்: மந்திரவாதியான விசார்ட் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார், போர்வீரரான ஃபைட்டருக்குச் செய்ய ஒன்றும் மிஞ்சுவதில்லை. உடனே டி.எம். ஃபயர்போல் என்ற நெருப்பு மந்திரத்தின் டெமேஜை, அதாவது எதிரிக்கு விளையும் சேதத்தைக் குறைப்பார், அல்லது ஃபைட்டரின் கையில் ஒரு மந்திர வாளைக் கொடுப்பார். இரண்டும் நோய் இல்லாத இடத்தில் மருந்து பூசுவது. ஒவ்வொரு மந்திரத்துக்கும் விதிப் புத்தகம் ஒரு விலை வைத்திருக்கிறது. அந்த விலை எங்கள் மேசைகளில் வசூலாவதில்லை. ஏன் வசூலாவதில்லை என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளை எடுக்கிறேன். ஐந்தாம் லெவல் ஃபைட்டர், பலம் 18, கையில் பெருவாள். ஒரு அடிக்கு 2டி6 (ஆறு பக்கப் பகடை இரண்டு) கூட்டல் 4, சராசரி 11. தாக்குதல் எண் +7, எதிரியின் ஏ.சி. (அடி பட எட்ட வேண்டிய எண்) 15 என்றால் டி20இல் (இருபது பக்கப் பகடையில்) 8 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், அதாவது 65% வாய்ப்பு. ஒரு முறைக்கு இரண்டு வெட்டு. ஆகவே ஒரு சுற்றுக்கு 14.3 டெமேஜ். கிரிட்டிக்கலை (20 விழுந்தால் வரும் மேலதிக டெமேஜை) இரண்டு பக்கமும் விட்டுவிடுகிறேன், முடிவு அதனால் மாறாது.

அதே லெவல் விசார்ட், அறிவு 18, மந்திரத்தின் டி.சி. (தப்ப எட்ட வேண்டிய எண்) 15. ஃபயர்போல் 8டி6, சராசரி 28. எதிரியின் டெக்ஸ்டெரிட்டி சேவ் (சுறுசுறுப்பால் தப்பும் உருட்டல்) +1 என்றால் 35% தடவை தப்பிப் பாதி வாங்குவான், 65% தடவை முழுதாக வாங்குவான். ஒரு எதிரிக்கு 23.1. இருபது அடி ஆரைக்குள் மூன்று பேர் அகப்பட்டால் 69.3. ஃபைட்டர் கிட்டத்தட்ட ஐந்து சுற்று வெட்டிச் சேர்ப்பதை விசார்ட் ஒரே அக்ஷனில் செய்கிறார். இந்த இடத்தில்தான் எல்லோரும் கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது.

மந்திரம் ஒன்று போட ஒரு ஸ்லொட் செலவாகும், இரவு முழுதும் தூங்கினால்தான் (லோங் ரெஸ்ட்) திரும்பும். ஐந்தாம் லெவல் விசார்டிடம் இருப்பவை முதலாம் லெவல் ஸ்லொட் 4, இரண்டாம் லெவல் 3, மூன்றாம் லெவல் 2. ஆர்கேன் ரிகவரி மூலம் நாளுக்கு ஒரு தடவை, ஒரு ஷோர்ட் ரெஸ்ட்டின் (சிறு ஓய்வின்) முடிவில், இன்னுமொரு மூன்றாம் லெவல் ஸ்லொட் திரும்பி வரும். இப்போது நான்கு சுற்று நீளமான ஆறு சண்டைகள், இடையில் இரண்டு ஷோர்ட் ரெஸ்ட் கொண்ட ஒரு நாளை எடுங்கள். மொத்தம் 24 சுற்று. ஃபைட்டருக்கு அக்ஷன் சேர்ஜ் (ஒரே சுற்றில் இன்னொரு முறை தாக்கும் பலம், ஷோர்ட் ரெஸ்ட்டில் மீளும்) மூன்று தடவை கிடைக்கும், ஆக 27 தடவை தாக்கலாம்: 386 டெமேஜ். விசார்ட் மூன்று ஃபயர்போல் (207.9), மூன்று ஸ்கோர்ச்சிங் ரே (41), நான்கு மெஜிக் மிசைல் (42), மிச்சப் பதினான்கு சுற்றும் ஸ்லொட் கேட்காத ஃபயர் போல்ட் கேன்ட்ரிப் (100): 391. இரண்டு பேரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். அதற்கும் விசார்ட் தன் ஸ்லொட் அத்தனையையும் அடிப்பதற்கே செலவழித்திருக்க வேண்டும். தற்காக்கும் ஷீல்ட் போடவில்லை, தப்பிக்கும் மிஸ்டி ஸ்டெப் போடவில்லை. கொன்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) 14 என்று வைத்தால் ஃபைட்டருக்கு 44 ஹிட் பொயிண்ட் (உயிர்ப் புள்ளி), விசார்டுக்கு 32 மட்டுமே. அப்படிப் பார்த்தால் அந்த நீண்ட நாளில் கஷ்டப்படுகிறவர் விசார்ட்தான்.

இப்போது அதே இருவரையும் ஒரு நாளைக்கு ஒரு சண்டை என்ற மேசையில் விடுங்கள். நான்கு சுற்று. ஃபைட்டர், அக்ஷன் சேர்ஜோடு, 71.5. விசார்ட் இரண்டு ஃபயர்போல், இரண்டு ஸ்கோர்ச்சிங் ரே: 166. இரண்டு மடங்குக்கும் மேல். நாளுக்கு இரண்டு சண்டை, இடையில் ஒரு ஷோர்ட் ரெஸ்ட் என்றால் 143க்கு எதிராக 270. பாத்திரத் தாளில் ஒரு எண்ணைக்கூட மாற்றாமலே சமநிலை உடைந்துவிட்டது. மாறியது ஒன்றே ஒன்று, எத்தனை சண்டைக்கு ஒரு தடவை விசார்ட் தூங்குகிறார் என்பது.

2014 டி.எம். கையேடு ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு வரையான நடுத்தர அல்லது கடினச் சண்டைகளை எதிர்பார்க்கிறது. மூன்று மணித்தியால அமர்வில் அது நடக்காத காரியம். ஐந்து பேர் உட்கார்ந்தால் ஒரு சண்டைக்கு முக்கால் மணித்தியாலம் தாராளமாகப் போகும். கதை பேச வேண்டும், நடுவில் தேத்தண்ணி வரும், ஒருவர் பஸ் பிடிக்க முன்னதாகவே எழும்புவார். இரண்டு சண்டைக்கு மேல் தாங்காது. அமர்வு முடியும்போது கதையையும் ஒரு இடத்தில் முடிக்க எல்லோருக்கும் ஆசை, அதனால் "சரி, இரவு தூங்கி எழும்புகிறீர்கள்" என்று டி.எம். சொல்லிவிடுவார். அந்த ஒரு வசனத்தோடு ஒன்பது ஸ்லொட்டும் இலவசமாகத் திரும்பி வந்துவிடுகின்றன.

விலை எங்கே வைக்கப்பட்டிருந்தது

இந்த விளையாட்டு 1974இல் வெளிவந்ததிலிருந்து மந்திரவாதிக்கான விலை பல தடவை இடம் மாறியிருக்கிறது. 1981ஆம் ஆண்டு பேசிக் தொகுப்பில் முதலாம் லெவல் மெஜிக்-யூசருக்கு ஹிட் பொயிண்ட் ஒரு டி4, மந்திரம் நாளுக்கு ஒன்று. இரண்டாம் லெவலுக்கு ஏற ஃபைட்டருக்கு 2,000 அனுபவப் புள்ளி போதும், மெஜிக்-யூசருக்கு 2,500 வேண்டும், தீஃபுக்கு (திருடனுக்கு) 1,200. ஆரம்பத்தில் அடி வாங்கிச் செத்துப் பிழைத்தவர் பின்னால் பலசாலியாவார் என்பதே அந்த ஒப்பந்தம். 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு எல்லாக் கிளாசுக்கும் (பாத்திர வகைக்கும்) ஒரே அனுபவ அட்டவணையைக் கொடுத்தது. பழைய கட்டணம் ஒன்று போய்விட்டது, பலம் அப்படியே இருந்தது. 2008இன் நான்காம் பதிப்பு நேர் எதிர்ப்பக்கம் போனது. ஃபைட்டருக்கும் விசார்டுக்கும் ஒரே அமைப்பு: எப்போதும் செய்யக்கூடியவை, சண்டைக்கு ஒரு தடவை, நாளுக்கு ஒரு தடவை. கணக்கு நேரானது. ஆனால் எல்லாக் கிளாசும் ஒரே மாதிரி இருக்கிறது என்று பலர் விட்டுப் போனார்கள். அந்தப் பதிப்புக்குக் கிடைத்த ஏச்சு அதன் தகுதிக்கு அதிகம் என்பது என் எண்ணம். குறுகிய அமர்வு மேசைகளுக்கு அதைவிடப் பொருத்தமான பதிப்பு வரவில்லை, ஏனென்றால் அதில் சண்டைக்கு ஒரு தடவை மீளும் பலம் எல்லோரிடமும் இருந்தது.

ஐந்தாம் பதிப்பு விலையை இரண்டு இடத்தில் வைத்தது. ஒன்று மேலே பார்த்த நாள் நீளம். மற்றது கொன்சென்ட்ரேஷன், அதாவது ஒரு மந்திரம் ஓடிக்கொண்டிருக்க மனதை ஒருமுகப்படுத்துவது.

கொன்சென்ட்ரேஷன் வேண்டிய மந்திரம் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடலாம். அடி வாங்கினால் கொன்ஸ்டிடியூஷன் சேவ், டி.சி. 10 அல்லது வாங்கிய டெமேஜின் பாதி, எது பெரிதோ அது. +2 உள்ள விசார்ட் டி.சி. 10ஐத் தாண்ட 65% வாய்ப்பு. இரண்டு அடி வாங்கினால் 42%, மூன்று அடிக்கு 27%. இங்கே பல டி.எம்.மார் விடுகிற பிழை, விசார்டின் மந்திரத்தை உடைக்க ஒரு பெரிய அரக்கனை அனுப்புவது. டெமேஜ் 22ஐ எட்டும் வரை டி.சி. பத்திலேயே நிற்கும். 15 டெமேஜ் ஒரே அடியாக வந்தால் ஒரு சேவ். ஐந்து ஐந்தாக மூன்று அம்பில் வந்தால் மூன்று சேவ். வில்லோடு நிற்கும் மூன்று குட்டிக் கொப்ளின், ஒரு பெரிய ஓகரை விடப் பலமான மருந்து. வோர் காஸ்டர் ஃபீட் (மேலதிகத் திறமை) எடுத்தவர் இரண்டு டைஸ் உருட்டிப் பெரியதை எடுப்பார், ஒரு அடிக்கு அவருடைய வாய்ப்பு 88% வரை ஏறும். அப்படிப்பட்டவருக்கு அம்புகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், டெமேஜைக் கூட்ட வேண்டாம்.

இந்த விலை வசூலாகாததற்குக் காரணம் மறதிதான். யார் எதில் கொன்சென்ட்ரேட் பண்ணுகிறார் என்று டி.எம். நினைவில் வைத்திருப்பது கஷ்டம், விளையாட்டுக்காரர் தானாக ஞாபகப்படுத்துவதும் குறைவு. இதற்கு வீட்டில் கிடக்கும் கரம் போர்ட்டின் காய்கள் போதும். ஒரு செட்டில் வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு 1. ஐந்தாம் லெவல் விசார்டின் ஸ்லொட்டுகளும் சரியாக ஒன்பது. வெள்ளைக் காய்களை 4, 3, 2 என்று மூன்று குவியலாக அவர் முன்னால் வையுங்கள். மந்திரம் போட்டதும் காயை டி.எம்.மிடம் கொடுக்க வேண்டும். பென்சிலால் அழித்து எழுதும்போது நடக்கும் குழறுபடி இதில் இல்லை, எத்தனை மிச்சம் என்பது மேசை முழுவதற்கும் தெரியும். சிவப்புக் காய் கொன்சென்ட்ரேஷனுக்கு. அதைப் பாத்திரத் தாளின் நடுவிலே வைக்க வேண்டும், ஹிட் பொயிண்ட் எழுதும் கட்டத்தின் மேலேயே. அடி வாங்கி ஹிட் பொயிண்ட்டை மாற்றப் போகிறவர் சிவப்பைத் தூக்காமல் எழுத முடியாது. தூக்கும்போது சேவ் ஞாபகம் வரும். கறுப்புக் காய்கள் ஷோர்ட் ரெஸ்ட்டில் மீளும் பலங்களுக்கு: ஃபைட்டருக்கு அக்ஷன் சேர்ஜுக்கு ஒன்று, ஹிட் பொயிண்ட்டை மீட்கும் செக்கண்ட் விண்டுக்கு ஒன்று, வோர்லொக் என்ற இன்னொரு வகை மந்திரக்காரரின் ஸ்லொட்டுகளுக்கு இரண்டு. இரண்டு மந்திரக்காரர் இருந்தால் இரண்டாம் செட் வேண்டும், அல்லது புறக்கோட்டையில் பெரிய பொத்தான்களை வாங்கிக்கொள்ளலாம்.

தூக்கத்தைப் படுக்கையிலிருந்து பிரிப்பது

நாள் நீளத்துக்கு வருவோம். 2014 கையேட்டிலேயே ஒரு மாற்று விதி இருக்கிறது: ஷோர்ட் ரெஸ்ட் 8 மணித்தியாலம், லோங் ரெஸ்ட் 7 நாள். எங்கள் மேசைகளுக்கு இது பாதித் தூரம்தான் கொண்டுபோகும். ஏழு நாள் என்பது வெறும் எண், "ஏழு நாள் போகிறது" என்று டி.எம். சொல்லிவிட்டால் முடிந்தது. லோங் ரெஸ்ட்டை நாட்களோடு கட்டாமல் இடத்தோடு கட்டுங்கள். தங்குமிடம் ஒன்றில் மட்டுமே லோங் ரெஸ்ட். காட்டிலோ வெளியிலோ கழிக்கும் இரவு, எத்தனை மணித்தியாலம் தூங்கினாலும், ஷோர்ட் ரெஸ்ட்தான்.

இதற்கு எங்களிடம் ஆயத்தமான ஒரு வரைபடம் இருக்கிறது: கதிர்காமப் பாதயாத்திரை. செல்வச்சந்நிதியில் தொடங்கி முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை என்று கரையோரமாக இறங்கி, காட்டைக் கடந்து கதிர்காமம். உங்கள் கற்பனை உலகத்துக்கு வேறு பெயர் வையுங்கள், இந்த எலும்புக்கூட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் தங்குமிடம், இடையில் களப்பு, காடு, மணல். கடைசிக் கட்டத்தில் உகந்தையிலிருந்து காட்டுக்குள் இறங்கினால் அக்கரை போகும் வரை லோங் ரெஸ்ட்டே இல்லை. அதை வார்த்தையால் விளங்கப்படுத்தத் தேவையில்லை, கேட்டவுடன் எல்லோருக்கும் விளங்கும். கொடியேற்றத்துக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்ற கெடுவும் கதைக்குள்ளேயே இருக்கிறது. கெடு இல்லாவிட்டால் எந்த ரெஸ்ட் விதியும் பலிக்காது. விளையாட்டுக்காரர் திரும்பி நடந்து பழைய தங்குமிடத்திலேயே படுத்துவிட்டு வருவார்கள்.

அளவு இப்படி: ஒரு தங்குமிடத்திலிருந்து அடுத்ததுக்குள் ஆறு சண்டை. அமர்வுக்கு இரண்டு என்றால் ஒரு கட்டம் மூன்று அமர்வில் முடியும். மேலே போட்ட 386க்கு 391 என்ற கணக்கு அப்போதுதான் உங்கள் மேசைக்கும் பொருந்தும். சண்டை குறைந்த கதை நடத்துகிறவர்கள் சண்டைக்குப் பதிலாக ஸ்லொட்டைக் கேட்கும் வேறு தடைகளை எண்ணலாம்: பெருகிய ஆறு, மூடிய வாசல், விசாரிக்கும் காவல். ஒவ்வொன்றும் ஒரு ஸ்லொட்டையாவது இழுக்கும் என்றால் அதை அரைச் சண்டையாகக் கணக்கெடுங்கள்.

இந்த விதியைப் போட்டதும் மூன்று இடத்தில் பிடிக்கும்.

முதலாவது வோர்லொக். அவருடைய ஸ்லொட் இரண்டும் ஒவ்வொரு ஷோர்ட் ரெஸ்ட்டிலும் திரும்பும். ஒரு கட்டத்தில் ஐந்து இரவு கழிந்தால் அவருக்கு மூன்றாம் லெவல் ஸ்லொட் மொத்தம் பன்னிரண்டு. விசார்டுக்கு மூன்று. தராசு மறுபக்கம் சாய்ந்துவிட்டது. ஆகவே ஒரு கட்டத்துக்கு இரண்டு ஷோர்ட் ரெஸ்ட் மட்டுமே பலன் தரும் என்று வரையறுங்கள். எந்த இரண்டு இரவு என்பதைக் குழுவே கூடித் தீர்மானிக்கட்டும். ஃபைட்டரும் வோர்லொக்கும் "இண்டைக்கு எடுப்பம்" என்பார்கள், விசார்ட் பொறுக்கச் சொல்வார். அந்தப் பேச்சே நல்ல விளையாட்டு.

இரண்டாவது நேர அளவு. மேஜ் ஆர்மர் என்ற காப்பு மந்திரம் 8 மணித்தியாலம் நிற்கும். பழைய முறையில் ஒரு ஸ்லொட் கொடுத்தால் அன்றைய சண்டை எல்லாவற்றுக்கும் போதும். புதிய முறையில் ஒரு கட்டத்துக்கு ஐந்து நாள் என்றால் ஐந்து ஸ்லொட் போய்விடும். இது அநியாயம். 8 மணித்தியாலமும் அதற்கு மேலும் நிற்கும் மந்திரங்களை அடுத்த தங்குமிடம் வரை நிற்க விடுங்கள். ஒரு மணித்தியாலமும் அதற்குக் கீழும் நிற்பவற்றைத் தொட வேண்டாம்.

மூன்றாவது டைனி ஹட். மூன்றாம் லெவல், ஆனால் ரிச்சுவலாக, அதாவது நேரமெடுக்கும் சடங்காகப் போட்டால் ஸ்லொட்டே செலவில்லை, பதினொரு நிமிடம் போதும். எட்டு மணித்தியாலம் வெளியிலிருந்து யாரும் நுழைய முடியாத குடில். இதைத் தடை செய்ய வேண்டாம். குடில் தங்குமிடம் ஆகாது என்று முதல் அமர்விலேயே சொல்லிவிட்டால் போதும். உள்ளே நிம்மதியாகத் தூங்கலாம், கிடைப்பது ஷோர்ட் ரெஸ்ட். மூளையுள்ள எதிரி விடியும் வரை சுற்றிவரக் குழி வெட்டிக் காத்திருப்பான் என்பதையும் மறக்க வேண்டாம்.

அமர்வு முடியும்போது கட்டம் முடியாமல் நிற்கும். ஆகவே காய்களை ஒவ்வொருவருக்கும் ஒரு கடித உறையில் போட்டு, வெளியில் ஹிட் பொயிண்ட்டையும் எத்தனை ஷோர்ட் ரெஸ்ட் மிச்சம் என்பதையும் எழுதி, டி.எம். வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு கிழமை கழித்து வரும்போது யாருக்கும் எத்தனை ஸ்லொட் மிச்சம் என்று நினைவிராது. நினைவை நம்பினால் எண்ணிக்கை எப்போதும் கூடித்தான் வரும். போயா நாளில் விடுமுறை கிடைத்து ஐந்தாறு மணித்தியாலம் உட்கார முடிந்தால் ஒரு கட்டத்தின் பெரும்பகுதியை ஒரே மூச்சில் ஓட்டலாம். காட்டுக் கட்டத்தை அப்படிப்பட்ட நாளுக்கு ஒதுக்குவது நல்லது.

சண்டைக்கு வெளியே

டெமேஜ் கணக்கு நேரானாலும் ரோக் (ஒளிந்து, பூட்டுத் திறக்கும் திருட்டு வித்தைக்காரர்) விளையாடுகிறவரின் மனக்குறை தீராது. அது வேறு நோய். பூட்டைத் திறக்க நொக், சுவரேற ஸ்பைடர் க்ளைம், ஒளிய இன்விசிபிலிட்டி. மூன்றும் இரண்டாம் லெவல். ரோக் தன் கிளாசையே இதற்காக எடுத்திருக்கிறார்.

இங்கேயும் விலை புத்தகத்தில் இருக்கிறது. நொக் போட்டால் 300 அடி வரை கேட்கும் தட்டல் சத்தம் எழும். மற்ற இரண்டுக்கும் கொன்சென்ட்ரேஷன் வேண்டும், ஒரு ஆளுக்குத்தான் வேலை செய்யும், லெவல் உயர்ந்த ஸ்லொட்டில் போட்டால் மட்டுமே இன்விசிபிலிட்டி இன்னொருவருக்கும் போகும். ஐந்தாம் லெவல் ரோக், டெக்ஸ்டெரிட்டி 18, எக்ஸ்பெர்ட்டிஸ் (விசேஷத் தேர்ச்சி) சேர்த்து +10. டி.சி. 15 பூட்டை 80% வாய்ப்போடு சத்தமின்றித் திறப்பார், எத்தனை தடவை வேண்டுமானாலும். ஆகவே காவல் காதுக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், பூட்டு ஒன்றல்ல நான்காக இருக்க வேண்டும். ஒரே ஒரு பூட்டும் ஆளரவமற்ற வீடும் வைத்தால் நொக்குக்கு விலையே இல்லை. சாம் பேர்சன் என்ற வசிய மந்திரம் யார் மேல் போடப்பட்டதோ அவனுக்கு, மந்திரம் இறங்கிய பின் தன்னை வசியம் பண்ணியது தெரியும். அவன் அடுத்த தங்குமிடத்திலுள்ள தன் அண்ணனுக்குச் செய்தி அனுப்புவான். அனுப்பட்டும்.

பூசாரியான கிளெரிக்கின் பக்கம் விலை பொருளில் இருக்கிறது. இறந்தவரை எழுப்பும் ரிவிவிஃபை போட 300 பொற்காசு வைரம் வேண்டும், போட்டதும் அது கரைந்துபோகும். ரெய்ஸ் டெட்டுக்கு 500. காசு நிறையச் சேர்ந்த மேசையில் இது வெறும் கட்டணமாகிவிடும், மரணத்தின் பயமே போய்விடும். எங்கள் தீவில் வைரம் விளைவதில்லை, இரத்தினபுரி நீலக்கல்தான் விளைகிறது. அதையே வைரத்துக்குப் பதிலாக வையுங்கள். விலையைக் காசில் சொல்லாமல் கல்லின் எண்ணிக்கையில் சொல்லுங்கள்: ஒரு கல், ஒரு உயிர். கரையோரப் பயணத்தில் மொத்தம் மூன்று கல்தான் கிடைக்கும், யாரிடம் எது இருக்கிறது என்பது டி.எம்.மின் கொப்பியில் முன்பே எழுதியிருக்க வேண்டும். பேரம் பேசிக் கடையில் வாங்க முடியாது.

ஃபைட்டருக்குச் சண்டைக்கு வெளியே என்ன? 2024 திருத்தம் அவருக்கு வெப்பன் மாஸ்டரியைக் கொடுத்தது: தள்ளலாம், விழுத்தலாம், வேகத்தைக் குறைக்கலாம். எதிரியின் மந்திரத்தைத் தடுக்கும் கவுண்டர்ஸ்பெல்லும் இப்போது எதிர் மந்திரவாதியின் கொன்ஸ்டிடியூஷன் சேவ் ஆகிவிட்டது. நல்ல மாற்றங்கள்தான், ஆனால் அவை சண்டைக்குள்ளே நடப்பவை. பழைய அட்வான்ஸ்ட் பதிப்பில் ஒன்பதாம் லெவல் ஃபைட்டருக்குக் கோட்டையும் ஆட்களும் கிடைத்தன. அதை ஐந்தாம் லெவலிலேயே சிறிதாகக் கொடுக்கலாம். அவர் வந்தால் ஊர்க்காவல் எழுந்து நிற்கும், வள்ளக்காரர் இரவிலும் வள்ளம் இறக்குவார், ஒவ்வொரு தங்குமிடத்திலும் நான்கு பேர் அவர் சொல்லுக்குக் கட்டுப்படுவர். விசார்ட் ஃப்ளை போட்டு ஆற்றைத் தாண்டினால் மூன்றாம் லெவல் ஸ்லொட் ஒன்று கொடுத்து ஒருவர் தாண்டுவார். ஃபைட்டர் கேட்டால் குழு முழுதும் வள்ளத்தில் போகும்.

ஒரு வழியை மட்டும் கைவிடச் சொல்வேன்: எதிரி எல்லோருக்கும் நெருப்புத் தாங்கும் தோல், எல்லா அறையிலும் மந்திரம் பலிக்காத வட்டம். அது விசார்டை எடுத்தவருக்குத் தண்டனை. அவர் நேர்மையாக ஒரு கிளாசைத் தெரிவு செய்தார், அதன் பலத்தை அனுபவிக்க அவருக்கு உரிமை இருக்கிறது.

மந்திர முறையையே மாற்றுகிறவர்களுக்கு

ஸ்லொட் பிடிக்காதவர்கள் முதலில் ஓடுவது ஸ்பெல் பொயிண்ட் மாற்று விதிக்கு, அதாவது ஸ்லொட்டுக்குப் பதிலாகப் புள்ளி கொடுத்து மந்திரம் போடுவதற்கு. ஐந்தாம் லெவலில் 27 பொயிண்ட். முதலாம் லெவல் மந்திரத்துக்கு 2, இரண்டாவதுக்கு 3, மூன்றாவதுக்கு 5. நான்கு இரண்டு எட்டு, மூன்று மூன்று ஒன்பது, இரண்டு ஐந்து பத்து, கூட்டினால் அதே 27. நேர்மையாகத்தான் தெரியும். ஆனால் 27 பொயிண்டையும் ஃபயர்போலில் கொட்டினால் ஐந்து வரும், ஸ்லொட்டில் இரண்டுதான். மூன்று எதிரிக்கு 346 டெமேஜ். ஆறாம் லெவலும் அதற்கு மேலுமான மந்திரங்களுக்கு மட்டுமே ஒவ்வொன்று என்ற வரம்பை விதி வைத்திருக்கிறது, மூன்றாம் லெவலுக்கு வைக்கவில்லை. தங்களுக்கு எட்டும் அதியுயர் லெவல் மந்திரத்தை ஒரு கட்டத்துக்கு மூன்று தடவைக்கு மேல் போட முடியாது என்று சேர்க்காமல் இந்த விதியை மேசைக்குக் கொண்டுவர வேண்டாம்.

1987இல் வந்த ஆர்ஸ் மெஜிக்கா வேறு பாதை போனது. ஐந்து வினை, பத்துப் பொருள், இரண்டையும் சேர்த்து மந்திரத்தை அங்கேயே ஆக்குவது. மந்திரவாதி மற்றவர்களை விடப் பலசாலி என்று அந்த விளையாட்டு ஒளிவு மறைவின்றி ஒப்புக்கொள்கிறது. சமநிலையை விதியில் தேடாமல் ஆட்களில் தேடுகிறது: ஒவ்வொருவருக்கும் ஒரு மந்திரவாதி, ஒரு துணைவர், கூடவே பொதுவான காவலாட்கள், கதைக்குக் கதை மாறி மாறி எடுத்து விளையாடுவார்கள். தமிழில் இதைச் செய்ய ஐம்பூதமும் ஐந்து வினையும் போதும், இருபத்தைந்து சேர்க்கை. ஆனால் அந்த நேரத்திலேயே மந்திரம் ஆக்குவது மேசையை மெதுவாக்கும். ஒவ்வொருவரும் மூன்று மந்திரத்தை வீட்டிலேயே எழுதிக்கொண்டு வர வேண்டும், அதற்கு மேல் அமர்வுக்கு ஒன்றுதான் புதிதாக ஆக்கலாம்.

எங்கள் மேசைகளுக்கு இதைவிடப் பொருந்துவது நேர்த்தி. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு எல்லாச் சமயத்தவரும் நேர்த்தி வைத்துப் போகிற ஊர் இது. முதலில் கேட்பது, கிடைத்த பின் கட்டுவது என்ற ஒழுங்கு யாருக்கும் புதிதல்ல. ஸ்லொட் முடிந்த பின்னும் ஒரு மந்திரம் வேண்டுமா, நேர்த்தி வையுங்கள். மந்திரத்தின் லெவல் எத்தனையோ அத்தனை நேர்த்தி. கட்டாமல் நிற்கும் ஒவ்வொரு நேர்த்திக்கும் எல்லாச் சேவிலும் 1 குறையும். ஒருவர் தன் புரொஃபிஷன்சி போனஸை (லெவலோடு கூடும் தேர்ச்சி எண்ணை) மீறி நேர்த்தி வைக்க முடியாது, ஐந்தாம் லெவலில் அது 3. ஆகவே விசார்ட் ஒரு ஃபயர்போலைக் கடனுக்குப் போடலாம், அதன் பின் கொன்சென்ட்ரேஷனுக்கு அவருடைய +2 சேவ் -1 ஆகும், 65% வாய்ப்பு 50% ஆகும். தங்குமிடத்தில் ஒரு நேர்த்தி தீர்க்க ஒரு முழு நாள் வேண்டும், அந்த நாள் கெடுவிலிருந்து கழியும். கட்டி முடிக்காமல் புறப்பட்டால் கழிவும் கூடவே வரும்.

ஃபைட்டரும் நேர்த்தி வைக்கலாம்: இரண்டு நேர்த்திக்கு இன்னுமொரு அக்ஷன் சேர்ஜ். ரோக்குக்கு ஒரு நேர்த்தி, தவறிய உருட்டலை இன்னொரு தடவை. இதைச் சேர்க்க மறந்தால் நேர்த்தி மந்திரக்காரருக்கு மட்டும் கிடைத்த மேலதிக ஸ்லொட் ஆகிவிடும், முதலில் இருந்த முறைப்பாடு திரும்பி வரும். கெடுவுக்கு எத்தனை நாள் மிச்சம் என்பதை ஒரு தாளில் பெரிதாக எழுதி மேசை நடுவில் வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் நாள் கொடுத்துக் கடன் தீர்ப்பதற்கு அர்த்தமே இல்லை.

புத்தகம் இறக்குமதி விலையில் வாங்க முடியாதவர்களுக்கு: ஐந்தாம் பதிப்பின் எஸ்.ஆர்.டி. 5.1 என்ற அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கிளாஸ்களும் இங்கே சொன்ன மந்திரங்களும் அதில் உண்டு. அதைத் தமிழாக்கி உங்கள் மேசைக்கு அச்சிடவும் உரிமம் இடம் கொடுக்கிறது, மூலத்தின் பெயரைக் குறிப்பிட்டால் போதும். ரெஸ்ட் மாற்று விதியும் ஸ்பெல் பொயிண்ட்டும் டி.எம். கையேட்டில் இருப்பவை, ஆனால் தேவையான எண்கள் மேலே இருக்கின்றன.

இந்தக் கணக்குகள் பத்தாம் லெவல் வரை சிறிய திருத்தத்தோடு ஓடும். ஆறாம் லெவலிலிருந்து ஒவ்வொரு லெவலுக்கும் ஸ்லொட் கூடக் கூட, கட்டத்துக்கு ஒரு சண்டையைக் கூட்டி எட்டு வரை கொண்டு போகலாம். பதினோராம் லெவலில் ஃபைட்டருக்கு மூன்றாவது வெட்டு வரும், விசார்டுக்கு ஆறாம் லெவல் மந்திரம் வரும். பதின்மூன்றில் டெலிபோர்ட் வந்துவிடும், அதற்குப் பிறகு தங்குமிடம், கட்டம், காடு எதுவும் யாரையும் நிறுத்தாது. கதிர்காமத்தில் போய் இறங்கும்போது குழு பத்தாம் லெவலில் நிற்கும்படி அனுபவப் புள்ளியைப் பங்கிடுங்கள். ஒரு தங்குமிடத்துக்கு ஒரு லெவல் என்று கொடுத்தால் எண்ணவும் தேவையில்லை.